"பழுது" அட்டையும் ரெண்டு கம்ப்யூட்டரும்

கல்லிடைக்குறிச்சி என்றதும் முதலில் ஞாபகம் வருவது அப்பளம். இந்தக் கதையில் வரும் பெண்ணின் வீட்டிலும் அப்பளம்தான் தொழில். அம்மா மாவு பிசைய, அத்தை இட, மொட்டை மாடியில் காயப் போட்டு எடுப்பது இவள் வேலை. பி.காம் முடித்துவிட்டு குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஒரே ஒரு போன் இருக்கிறது, அதுவும் பாதி நேரம் தம்பி கையில்.

போனிலேயே விண்ணப்பம் போடலாமே என்று கேட்பீர்கள். போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த வேதனை. போட்டோ இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும், கையெழுத்து இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும். சான்றிதழைப் பிடிஎஃப் ஆக்கி ஏற்ற வேண்டும். எல்லாம் முடிந்து கடைசிப் பக்கத்துக்கு வந்தால் "நேரம் முடிந்தது, மறுபடி உள்ளே வாருங்கள்" என்று சொல்லும். கடையில் கொடுத்தால் காசு கேட்பார்கள். ஆகவே அவள் பஸ் ஏறி ஒரு நூலகத்துக்குப் போனாள். எந்த நூலகம் என்பது இங்கே வேண்டாம். ஆற்றோரம் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே கம்ப்யூட்டர் இரண்டு. ஒன்றின் மேல் பிளாஸ்டிக் உறை போட்டு "பழுது" என்று அட்டை தொங்கவிட்டிருந்தது. இன்னொன்றில் உட்கார்ந்தாள். திரை முழுக்க கோப்புகள். ஆதார் 1, ஆதார் 2, டிசி, கம்யூனிட்டி புதுசு, போட்டோ கடைசி, போட்டோ கடைசி கடைசி... அத்தனைக்கும் நடுவில் அவள் பெயரிலேயே ஒன்று இருந்தது. திறந்தாள். போன மாதம் வந்தபோது அவள் விட்டுவிட்டுப் போன பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். பக்கத்திலேயே அவள் கையெழுத்து, தனிப் படமாக. பிரவுசரைத் திறந்தால் யாரோ ஒரு அண்ணனின் மெயில் அப்படியே திறந்து கிடக்கிறது.

ஒரு மாதமாக எத்தனை பேர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள்? அவள் பிறந்த தேதி, அப்பா பெயர், கையெழுத்து எல்லாவற்றையும் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? முதலில் அந்த அண்ணனின் மெயிலை லாக் அவுட் செய்தாள். தன் கோப்புகளை அழித்தாள். மற்றவர்களுடையதை என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுந்து நூலகரிடம் போனாள்.

"சார், அந்த கம்ப்யூட்டர்ல ஊர்ல உள்ளவங்க ஆதாரெல்லாம் கிடக்கு சார்."

"என்னத்தம்மா செய்ய? வாரவங்க போட்டுட்டுப் போயிருதாங்க. நான் ஒத்தை ஆளு. புஸ்தகம் எடுத்துக் குடுப்பேனா, அங்க போயி உக்காந்து அழிச்சிக்கிட்டு இருப்பேனா?"

"அந்த இன்னொண்ணு நெஜமாவே பழுதா சார்?"

அவர் சிரித்துவிட்டார். "அது நல்லாத்தாம்மா ஓடுது. பயலுவ ரெண்டு பேரு வேண்டாத படம் பாத்துக்கிட்டு இருந்தானுவ. பேப்பர் படிக்க வந்த பெரியவர் ஒருத்தர் பாத்துட்டு சத்தம் போட்டுட்டாரு. அதான் மூடி வச்சிட்டேன். இப்ப ஒரு பிரச்னையும் இல்ல பாத்தியா?"

பிரச்னை இல்லைதான். கம்ப்யூட்டரும் இல்லை!

பொது இடத்துக் கம்ப்யூட்டரைத் தவறாகப் பயன்படுத்துவது என்றால் நம் ஆட்கள் எல்லாருக்கும் அந்த "வேண்டாத படம்" மட்டும்தான் ஞாபகம் வரும். உண்மையில் தவறு நான்கு வகை. ஒன்று, அந்தப் படம். இரண்டு, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பது. மூன்று, வைரஸ் உள்ள பென்டிரைவைச் செருகுவது, கண்டதை இறக்கி வைப்பது, மவுஸைக் கழற்றுவது. நான்கு, அடுத்தவர் விட்டுப்போன தகவலை எடுத்துக்கொள்வது. முதல் வகை கண்ணுக்குத் தெரியும் என்பதால் சத்தம் வருகிறது. நான்காவது சத்தமே போடாது. ஆனால் அதிகம் வலிப்பது அதுதான்.

2003ல் நியூயார்க்கில் ஒருவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மன்ஹாட்டனில் பல நகல் கடைகளில் வாடிக்கையாளர்களுக்காக வைத்திருந்த கம்ப்யூட்டர்களில், தட்டச்சு செய்வதையெல்லாம் பதிவு செய்யும் கீலாகர் என்ற மென்பொருளை ரகசியமாகப் போட்டு வைத்திருந்தார். 450க்கும் மேற்பட்ட பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் அவர் கைக்குப் போயிருந்தன. 2011ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்து நூலகங்களிலேயே இதைக் கண்டுபிடித்தார்கள். அங்கே மென்பொருள் இல்லை. கீபோர்டு வயருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் செருகிய, பென்டிரைவ் மாதிரி ஒரு சின்னப் பொருள். கம்ப்யூட்டரின் முதுகுப்பக்கம் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

நம் நாட்டில் இதற்கெல்லாம் முதலில் வந்த மருந்து பதிவேடு. 2011 ஏப்ரலில் மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கு என்று தனி விதிகள் கொண்டுவந்தது. வருபவர் அடையாள அட்டை காட்ட வேண்டும். பெயர், நேரம் எழுதும் பதிவேட்டை ஓராண்டு பாதுகாக்க வேண்டும். பார்த்த இணையதளங்களின் பதிவையும் ஓராண்டு வைத்திருக்க வேண்டும். தடுப்பு நாலரை அடி உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தடுப்பு இல்லாத கம்ப்யூட்டர்களின் திரை பொது இடத்தைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். இவை தொழிலாக நடக்கும் கடைகளுக்கு எழுதப்பட்டவை. ஆனால் பொது இடத்தில் கம்ப்யூட்டர் வைக்கும் யாருக்கும் யோசனை சொல்லக்கூடியவை.

பதிவால் பலன் இல்லை என்று சொல்ல முடியாது. 2004ல் சென்னை எழும்பூர் நீதிமன்றம், ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதிப் போட்டவருக்குத் தண்டனை கொடுத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ன் 67வது பிரிவில் இந்தியாவிலேயே முதல் தண்டனை என்று சொல்லப்படும் வழக்கு அது. அதில் சைபர் கஃபே நடத்தியவர்களின் சாட்சியமும் ஒரு முக்கிய ஆதாரம்.

கல்லிடைக்குறிச்சிக்காரர்களுக்குப் பதிவின் அருமையைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982ல் திருடு போனார். கடல் தாண்டி ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு கலைக்கூடத்துக்குப் போய்விட்டார். 2019ல் ஊருக்குத் திரும்பி வந்தார். அது இந்தச் சிலைதான் என்று காட்ட உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பத்திரமாக வைத்திருந்த பழைய புகைப்படங்கள்.

ஆனால் சிலையைப் பதிவு செய்வது வேறு, ஆளைப் பதிவு செய்வது வேறு. ஒரு பெண் மார்பகக் கட்டியைப் பற்றித் தேடிப் படிக்கிறாள், ஒருவர் கடன் தள்ளுபடிக்கு என்ன வழி என்று பார்க்கிறார் என்றால், அது ஓராண்டு ஒரு நோட்டில் இருக்க வேண்டுமா? சின்ன ஊரில் அந்த நோட்டை யார் யார் புரட்டுவார்கள்? நூலகத்தில் யார் எந்தப் புத்தகத்தை எந்தப் பக்கம் வரை படித்தார் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அடையாள அட்டை நகலும் அப்படித்தான். பதிவுக்காக வாங்கிய ஆதார் நகலே தொலைந்தால் பாதுகாப்புக்குச் செய்தது ஆபத்தாக முடியும். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் ஆதாரை இறக்காதீர்கள், இறக்கினால் எல்லாப் பிரதிகளையும் அழித்துவிடுங்கள் என்று ஓர் அறிவிப்பு கொடுத்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. அறிவிப்புதான் போனது, அழிக்க வேண்டிய தேவை போகவில்லை.

இரண்டாவது மருந்து வடிகட்டி. அமெரிக்காவில் 2000ல் ஒரு சட்டம் வந்தது. மத்திய அரசின் இணைய உதவித்தொகை வாங்கும் நூலகங்கள் ஆபாசப் படங்களைத் தடுக்கும் வடிகட்டியைப் போட வேண்டும் என்றது. நூலகர் சங்கமே வழக்குப் போட்டது. 2003ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அதே சட்டத்தில், பெரியவர் ஒருவர் நியாயமான காரணத்துக்குக் கேட்டால் தடையை எடுத்துக் கொடுக்கவும் வழி உண்டு. வடிகட்டி வார்த்தையைப் பார்க்கும், கருத்தைப் பார்க்காது. மார்பகப் புற்றுநோய்ப் பக்கத்தையும் மூடிவிடும். போடலாம், ஆனால் கேட்டால் திறந்துவிட ஒரு மனிதர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது மருந்துதான் நம் ஊர் மருந்து. உறை போட்டு மூடுவது.

இதற்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. ஐரோப்பாவில் இடைக்காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு கட்டி வைத்தார்கள். இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்டு தேவாலயத்தில் அப்படி ஒரு நூலகம் இன்றைக்கும் இருக்கிறது. சீர்காழியில் பிறந்து, 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931ல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை எழுதினார். முதல் விதியே "நூல்கள் பயன்படுத்துவதற்கே" என்பதுதான். புத்தகத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஆளிடமிருந்து பிரிப்பது நூலகத்தின் வேலை இல்லை என்பது இதன் பொருள். உறை போட்ட கம்ப்யூட்டரும் சங்கிலி போட்ட புத்தகமும் ஒன்றுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1948ல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. தமிழ்நாட்டில் இப்போது அது ரூபாய்க்குப் பத்து பைசா. அதாவது அந்த உறைக்குள் இருப்பது ஓட்டு வீட்டுக்காரர் கொடுத்த பத்து பைசாக்கள். வாங்கிய சொத்தை ஓட்டாமலே வைத்திருந்தாலும் தேய்மானம் கழியும் என்பது பி.காம் முதல் வருடப் பாடம்.

அப்படியானால் என்னதான் செய்வது? பதில் அந்த ஊர் வயலிலேயே இருக்கிறது.

1968ல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க அறிஞர், பொதுவில் இருக்கும் எதையும் ஆளாளுக்கு அள்ளிக் கடைசியில் பாழாக்கிவிடுவார்கள் என்று எழுதினார். எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் உலகம் முழுக்க பாசன வாய்க்கால்கள், மேய்ச்சல் நிலங்கள், மீன்பிடி இடங்கள் பற்றிய தகவல்களை ஆராய்ந்து, அப்படி இல்லை என்று 1990ல் புத்தகமே எழுதினார். 2009ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார், அதை வாங்கிய முதல் பெண் அவர்தான். பொதுச் சொத்து நீண்ட காலம் நிலைத்த இடங்களில் எல்லாம் சில விஷயங்கள் பொதுவாக இருந்தன என்பது அவர் கண்டது. யாருக்கு உரிமை என்பது தெளிவாக இருக்கும். விதியைப் பயன்படுத்துகிறவர்களே பேசி வைத்திருப்பார்கள். கண்காணிப்பவர் அவர்களில் ஒருவராகவோ அவர்களுக்குப் பதில் சொல்பவராகவோ இருப்பார். தப்பு செய்தால் தண்டனை சிறிதில் தொடங்கிப் படிப்படியாக ஏறும்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் யாரிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள், "இதுக்கா பரிசு குடுத்தாங்க?" என்று கேட்பார்கள். தண்ணீர் குறைந்த நாளில் முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். மேல்மடைக்காரன் தன் முறை முடிந்ததும் மடையை அடைத்தால்தான் கடைமடைக்குச் சொட்டாவது போகும். ஒருவன் திருட்டுத்தனமாகத் திறந்தான் என்பதற்காகக் கால்வாயையே யாரும் மூடுவதில்லை.

அந்தப் பெண் இதையெல்லாம் நூலகரிடம் பிரசங்கம் செய்யவில்லை. "சார், நான் வாரத்துல மூணு நாள் வாரேன். நாலு மணிக்கு மேல அரை மணி நேரம் நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதலில் குப்பையை அகற்றினார்கள். அடுத்தவர் கோப்பை உடனே அழிக்க மனம் வரவில்லை, சிலரிடம் வேறு பிரதி இல்லாமல் இருக்கலாம். எல்லாவற்றையும் நூலகர் மட்டும் திறக்கக்கூடிய கணக்குக்கு மாற்றி, "உங்கள் கோப்பு இருந்தால் ஒரு வாரத்துக்குள் பெற்றுக்கொள்ளவும், பிறகு அழிக்கப்படும்" என்று எழுதி ஒட்டினார்கள். ஏழு பேர் வந்து வாங்கிக்கொண்டார்கள். மீதி அழிந்தது.

பிறகு வாசகர்களுக்கு என்று தனிக் கணக்கு, மென்பொருள் எதையும் நிறுவ முடியாதபடி. பிரவுசர் கெஸ்ட் முறையில் மட்டும் திறக்கும்; ஜன்னலை மூடினால் பார்த்த வரலாறும் லாகினும் போய்விடும். (ஒன்று கவனியுங்கள், இறக்கிய கோப்பு இதில் போகாது! பலர் ஏமாறுவது இங்கேதான்.) அதனால் டவுன்லோடு ஃபோல்டரை அழிப்பது தனி வேலையாகவே சேர்ந்தது. கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கினால் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள்கள் உண்டு, ஆனால் அதற்குக் காசு வேண்டும். கீபோர்டு வயரை முன்பக்கத்துக்கு மாற்றிச் செருகினார்கள், நடுவில் எது வந்தாலும் கண்ணில் படும். மேசையைத் திருப்பினார்கள். நூலகர் மேசையிலிருந்து பார்த்தால் திரையில் படம் ஓடுகிறதா எழுத்து ஓடுகிறதா என்பது தெரியும், எழுத்து என்ன என்பது தெரியாது. அந்தத் தூரத்தைக் கண்டுபிடிக்க மூன்று தடவை மேசையை நகர்த்தினார்கள்.

நோட்டு ஒன்று வைத்தார்கள். பெயர், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம். என்ன பார்த்தார் என்ற கட்டம் கிடையாது. கடைசியில் இன்னொரு கட்டம்: "முன்னால் இருந்தவர் லாக் அவுட் செய்திருந்தாரா? ஆம் / இல்லை". இது அவள் யோசனை. ஒருவர் வேலையை அடுத்தவர் வேலையே சரிபார்க்கும்படி அமைப்பதைக் கணக்கியலில் இன்டர்னல் செக் என்பார்கள். போலீஸ் வேண்டாம், அடுத்து உட்காருபவரே போதும்.

விதிகளை வாசகர்களே பேசி முடிவு செய்தார்கள். அரை மணி நேரம் ஒரு முறை. யாரும் காத்திருக்காவிட்டால் தொடரலாம். விண்ணப்பத்தின் கடைசி நாள் என்றால் அவருக்கு முதல் இடம். தவறினால் முதல் தடவை வாய்ச் சொல், இரண்டாம் தடவை ஒரு வாரம் கிடையாது, மூன்றாம் தடவை ஒரு மாதம். அன்றைக்குப் படம் பார்த்து மாட்டிய பையன்களில் ஒருவனே கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். யாரும் அவனைச் சுட்டிக் காட்டவில்லை. "பழுது" அட்டையைக் கழற்றியது அவன்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதை. நோட்டில் இன்னும் "இல்லை" என்று விழுகிறது. ஒரு மவுஸ் காணாமல் போனது. வயதானவர்கள் தங்கள் கடவுச்சொல்லை வாசகர் யாரிடமாவது உரக்கச் சொல்லி அடிக்கச் சொல்கிறார்கள். அதற்கு எந்த மென்பொருளும் இல்லை.

பெரிய சோதனை வந்தது அவளுடைய விண்ணப்பத்தின் கடைசி நாளில். ஒரு கம்ப்யூட்டரில் மின்சாரம் போய் வந்ததில் ஏதோ கோளாறு, இந்தத் தடவை நிஜப் பழுது. இன்னொன்றில் ஊரில் செல்வாக்கான ஒருவர் உட்கார்ந்து யூடியூபில் பழைய மேடைப் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தார். அரை மணி தாண்டி, முக்கால் மணி தாண்டிவிட்டது. அவளுக்குக் கேட்கத் தயக்கம். அவர் வீட்டுக்குத்தான் மாதா மாதம் அப்பளம் போகிறது. நூலகருக்கும் தயக்கம்தான். நோட்டை எடுத்துப் பார்த்தார், வைத்தார். மறுபடி எடுத்தார். நேராகப் போய், "ஐயா, உங்க முறை முடிஞ்சிட்டு. அந்தப் பிள்ளைக்கு இன்னைக்குக் கடைசி நாள்" என்றார்.

"ஒரு பத்து நிமிஷம் இருக்கட்டுமேய்யா..."

"கடைமடைக்குத் தண்ணி போகணும்லா ஐயா."

வயல் வைத்திருக்கும் மனுஷர். ஒரு நிமிடம் நூலகர் முகத்தைப் பார்த்தார். முனகிக்கொண்டே எழுந்தார். போகும்போது நோட்டில் எழுந்த நேரத்தையும் எழுதினார்.

அவள் உட்கார்ந்து முதலில் கடைசிக் கட்டத்தை நிரப்பினாள்: "இல்லை". அவருடைய யூடியூப் கணக்கு திறந்தே இருந்தது. அதை மூடிவிட்டுத் தன் விண்ணப்பத்தைத் தொடங்கினாள். போட்டோ ஏறியது, கையெழுத்து ஏறியது, பணம் கட்டிய ரசீது வந்தது. அச்செடுத்து, டவுன்லோடு ஃபோல்டரைக் காலி செய்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்து, எழுந்தாள். பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பையன் நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, என் முறை."

"உக்காருடே" என்று நோட்டை அவன் பக்கம் தள்ளினாள். அவன் கடைசிக் கட்டத்தில் "ஆம்" என்று எழுதினான்.